பதின்மூன்று பேர் ஆடும் அணி

கொருக்குப்பேட்டை மைதானத்தில் மைக் கட்டுவது வீண். பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி வந்துவிட்டால் அறிவிப்பவரின் வாய் மட்டும்தான் அசையும். அதனால் 2009 பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு அணி விவரங்களை டிவியில் காட்டுவதென்று கமிட்டி முடிவு செய்தது. புரோகிராம் எழுதும் பொறுப்பை என் வகுப்புத் தோழன் வல்லரசு ஏற்றான். வயர் பிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

அவன் தங்கை கார்குழலி உள்ளூர் அணியின் புது கேப்டன். அம்மா ரமாபாய் லீவு போட்டு, ஹவுசிங் போர்டில் பாதியைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

டிவியில் பதினோரு பெயர்கள் வந்தன. அணியின் பெயர் இல்லை. அந்தப் பதினொன்றில் கார்குழலியும் உண்டு, ஆனால் கேப்டன் யாரென்று இல்லை.

"இன்னாடா, கேப்டன காணோம்? இத்தினி பேர கூட்டியாந்துகீறேன்," என்றார் ரமாபாய்.

வல்லரசு புரோகிராமில் 'அணி' என்ற கிளாஸை, அதாவது வார்ப்பை, பெயர்களை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டின் வாரிசாக எழுதி, அதன்மேல் பெயர், கேப்டன் என்று இரண்டு பண்புகளை ஒட்டியிருந்தான். டிவிக்கு அனுப்ப ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது, 'இது வெறும் லிஸ்ட்' என்று முடிவு கட்டி, உள்ளே இருந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு, ஒட்டியதை இறக்கிவிட்டது, அந்த மாற்றத்தைச் செய்யும் ரெடிமேட் புரோகிராமான நூலகம்.

உள்ளே இருந்தால்தானே ஏற்றும்? அவன் அந்த இரண்டையும் லிஸ்ட்டுக்குள்ளேயே தள்ளினான். பன்னிரண்டாவது ஆட்டக்காரராகக் கொருக்குப்பேட்டையும், பதின்மூன்றாவதாக இன்னொரு கார்குழலியும் டிவியில் வந்தார்கள்.

எதிரணியான ராயபுரத்தின் மேனேஜர் ஆண்ட்ரூ மேசைக்கு வந்தார். "இன்னா மாமு, பதிமூணு பேர எறக்குறீங்க? அதுல ஒண்ணு ஊரு. எந்த பொசிசன்ல ஆடும்?"

"மெஷின் மிஸ்டேக் நைனா," என்றான் வல்லரசு.

"சரி பண்ணு. இல்லாங்காட்டி உங்க டீம வெளிய அனுப்ப சொல்லுவேன்."

கார்குழலி பூட்ஸ் லேஸை இறுக்கியபடி அண்ணனைப் பார்த்தாள். "ரெண்டு பேர்ல எவ ஆடணும்னு சொல்லு. இன்னொருத்திய வூட்டுக்கு அனுப்பிடறேன்."

வல்லரசு வாரிசு உறவை வெட்டினான். அணி இனி லிஸ்ட் அல்ல. லிஸ்ட்டை வைத்திருக்கும் ஒரு சாதாரண ஆப்ஜெக்ட். பெயருக்கு ஓர் அறை, கேப்டனுக்கு ஓர் அறை, லிஸ்ட்டுக்கு ஓர் அறை. இம்முறை நூலகம் மூன்றையும் ஏற்றிக்கொண்டது.

டிவி மாறிய நேரம் கூட்ஸ் வண்டி வந்தது. மைக்காரரின் வாய் அசைந்தது. ரமாபாய் எழுந்துபோய் 'கேப்டன்: கார்குழலி' என்ற வரியில் விரல் வைத்து, முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பாதி ஹவுசிங் போர்டும் தலையாட்டியது. ஆண்ட்ரூ ஆட்டக்காரர்களை எண்ணிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

கார்குழலி டாஸுக்கு நடந்தாள். டாஸில் ஜெயித்தது யார் என்பது வண்டி போன பிறகுதான் தெரிந்தது. அதற்கு நாங்கள் புரோகிராம் எழுதியிருக்கவில்லை.