கண்டக்டர் கத்தரித்த சொற்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் கண்டக்டர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் அவள் கவனித்துக்கொண்டிருந்த மென்பொருளை எல்லாரும் பஸ் என்பார்கள். டாக்டர்களின் கணினி ஒரு மொழி பேசும். பரிசோதனைக்கூடத்துக் கணினி வேறொன்று பேசும். மருந்தகத்துக் கணினியோ யார் என்ன பேசினாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத இந்த மூன்றுக்கும் நடுவில், ஒன்று சொல்வதை வாங்கி, மற்றதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பஸ்ஸின் வேலை. பஸ் என்று ஒன்று இருந்தால் கண்டக்டர் வேண்டாமா? மாமனார் மட்டும் இன்றுவரை தன் சிநேகிதர்களிடம், மருமகள் போக்குவரத்துத் துறையில் பெரிய உத்தியோகம் பார்ப்பதாகச் சொல்லிவருகிறார்.

வீட்டிலும் அவளுக்கு அதே வேலைதான், சம்பளம் ஒன்றுதான் கிடையாது. கணவனும் மாமனாரும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நின்ற பேச்சு அது. மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது, வெளியூரில் வேலையில் இருந்த மகனுக்கு மாமனார் போன் போட்டு, "லேசான காய்ச்சல்தான், நீ வேலையைப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை பதறக்கூடாது என்கிற நல்லெண்ணம். பிள்ளை வந்து சேர்ந்தபோது அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அதன் பிறகு அப்பாவுக்கு முன்னறை, மகனுக்குப் பின்னறை, நடுவில் ஒரு நீண்ட நடை என்று வீடு பிரிந்துகொண்டது.

அந்த நடையில்தான் கண்டக்டர் போய்வந்துகொண்டிருந்தாள். மழைக்கால மாலைகளில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சு பட்டதுபோல் மங்கியிருக்கும். வீடே தண்ணீருக்கு அடியில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். இந்தக் கோடியில் ஒருவர் வாயசைப்பார், அந்தக் கோடியில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், நடுவில் இவள் மிதந்து போவாள். இவளும் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற ஜாதி என்பதால், மிதப்பதில் சிரமம் இருக்கவில்லை.

கணவனின் வாய் இருக்கிறதே, அதைக் கழுவிக் காயப்போட ஒரு நாள் போதாது. "அந்த ஆளு இன்னும் தின்னலியா? மாத்திரை போடணும்னு நெனப்பு இருக்கா இல்லையா?" என்பான். அவள் நடையைக் கடப்பதற்குள் அது, "மாமா, சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு" என்று ஆகிவிடும். அந்தப் பக்கமிருந்து, "தொரை இன்னிக்காவது நேரத்துக்கு வருவாராமா?" என்று ஒன்று புறப்படும். இந்தப் பக்கம் வந்து சேரும்போது, "மாமா உங்களைத் தேடினாரு" என்று இருக்கும். இப்படிப் பூசி மெழுகுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தான் இல்லாவிட்டால் இந்த வீடு என்றைக்கோ இரண்டாகியிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

அப்படி இருக்கையில்தான் மாமனார் குண்டைத் தூக்கிப் போட்டார். காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏதோ கடைக்குப் போகிறவர் மாதிரி சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நான் கெளம்பறேம்மா. என் சிநேகிதன் இருக்கான் பாரு, அந்த முதியோர் இல்லத்துல எனக்கும் எடம் கெடச்சிருக்கு."

"ஏன் மாமா? நான் ஏதாவது..."

"சேச்சே. உன்னைச் சொன்னா என் நாக்கு அழுகிடும். நீ எனக்கு ஒரு கொறையும் வெக்கல. ஆனா பெத்த பையன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராத வீட்டுல எப்படிம்மா இருக்கறது?"

"தெனமும் உங்களைத்தானே கேக்கறாரு? நல்லாத் தூங்கினீங்களான்னு இன்னிக்குக் காலையிலகூட..."

மாமனார் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு, அதுதான் அவளை உலுக்கியது. "அதெல்லாம் நீ கேக்கறது. 'நல்லாத் தூங்கினீங்களா, ஒடம்பைப் பாத்துக்குங்க.' என் பையனுக்கு இப்படியெல்லாம் பேச வருமா? அவனை வளர்த்தவன்மா நான். நீ நல்ல பொண்ணு, எனக்காக நீயே ஏதோ சொல்லிட்டு இருக்கே. சந்தோஷம். ஆனா அது அவன் இல்லியே."

தான் கொண்டுபோய்க் கொடுத்த எதையுமே அவர் மகனிடமிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. அவன் நிஜமாகவே கேட்கத்தானே செய்தான்?

அந்த வாரம் அலுவலகத்திலும் நிம்மதி இல்லை. மருந்தகத்தைக் கவனிக்கும் அக்கா நேரிலேயே வந்து மேஜையில் கையை ஊன்றி நின்றுவிட்டாள்.

"கண்டக்டரே, மருந்து கேட்டது யாருன்னு பாத்தா எல்லாத்துலயும் 'பஸ்'னு இருக்கு. பஸ்ஸா டாக்டருக்குப் படிச்சுது? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போயிக் கேப்பேன்?"

அக்கா கேட்டதில் தப்பே இல்லை. டாக்டர் தன் கணினியில் கடவுச்சொல்லைப் போட்டு, போனுக்கு வந்த எண்ணையும் போட்டு, நான் நான்தான் என்று நிரூபித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். ஆனால் அந்த நிரூபணம் வாசலோடு நின்றுவிடுகிறது. அவர் எழுதிய மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் தன் சொந்த முத்திரையைக் காட்டித்தான் மருந்தகத்துக்குள் நுழைகிறது. மருந்தகத்துக்குப் பஸ்ஸைத் தெரியும். பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தெரியாது.

இதற்காகத்தான் கண்டக்டரின் குழு புது ஏற்பாடு ஒன்றைச் செய்து வைத்திருந்தது. இனிமேல் ஒவ்வொரு சீட்டின் மீதும் எழுதிய டாக்டரின் முத்திரையே இருக்கும். மருந்தகம் அதைச் சரிபார்த்து, இவர்தான் என்று உறுதியானால் மட்டும் மருந்து கொடுக்கும். பஸ் சுமந்தால் போதும், யாருக்காகவும் பேச வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் அதைச் சோதனைக்கு ஓடவிட்டாள். முதல் சீட்டு திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. அனுப்பிய அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலோடு திரும்பின: முத்திரை பொருந்தவில்லை, இவர் அனுப்பியது என்று ஏற்க முடியாது.

டாக்டர்கள் நிஜம், முத்திரை நிஜம், பின்னே என்ன கேடு? தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தாள். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஒரே சுருதியில் ரீங்கரித்தன. அந்தச் சத்தத்தில் தாலாட்டு ஏதோ இருந்திருக்க வேண்டும், கன்னத்தில் கை வைத்தவள் அப்படியே கண் அயர்ந்துபோனாள்.

பஸ் நிஜமான பஸ்ஸாக வந்து நின்றது. செய்திகள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. ஒருவர் தோளில் பெரிய மூட்டை, ஒருவர் ஊரைக் கூட்டுகிற குரல், ஓர் அம்மாள் கையில் சொட்டச் சொட்ட ஈரக்குடை. கண்டக்டர் படியிலேயே அவர்களை நிறுத்தினாள். மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள், கலைந்த தலையை வாரிவிட்டாள், மெதுவாகப் பேசச் சொன்னாள். எல்லாரும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார்கள். இறங்கும் இடத்தில் பார்த்தால் அத்தனை பேரும் ஒரே அச்சில் இருந்தார்கள். அழைத்துப்போக வந்தவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். "எங்க ஆளு இதுல இல்லியே" என்று சொல்லிவிட்டு மழையில் திரும்பி நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் மாமனாரும் நின்றிருந்தார்.

திடுக்கிட்டு விழித்தபோது விஷயம் கையில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே எழுதிவைத்த சில வரிகள். டாக்டர்கள் சீட்டின் அடியில் கண்டபடி எதையாவது எழுதுவார்கள். 'இந்தப் பெரியவர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்புகிறார், விழுங்கும்வரை நகராதீர்கள்!!!' என்பார் ஒருவர். மருந்தகத்துக் கணினியில் இதற்கெல்லாம் இடம் இல்லை. அதனால் பஸ்ஸில் ஏறும்போதே இதைக் கத்தரித்து, ஆச்சரியக்குறிகளை எடுத்து, துப்புரவாக அனுப்ப ஏற்பாடு செய்திருந்தாள். முத்திரையோ முழுச் சீட்டின் மீதும் விழுவது. வழியில் ஒரு புள்ளியை எடுத்தாலும் செல்லாது. எடுத்தது நல்லெண்ணத்திலா கெட்ட எண்ணத்திலா என்று முத்திரைக்குத் தெரியாது.

கத்தரிக்கும் வரிகளை நீக்கினாள். மருந்தகத்துக்கு வேண்டிய விவரத்தைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டு, டாக்டர் எழுதியதை எழுதியபடியே பக்கத்தில் போகவிட்டாள். சீட்டுகள் போயின, ஒன்றும் திரும்பவில்லை. சற்று நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"கண்டக்டரே, குழந்தைங்க டாக்டர் என்னமா திட்டறாரு! அந்தத் திட்டைப் பாத்தாலே அவர்தான்னு தெரியுது, உன் முத்திரைகூட வேண்டாம் போ!"

அக்கா சிரித்தாள். கண்டக்டரும் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். மாமனார் ஏன் நம்பவில்லை என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை. முன்னறைக் கட்டிலில் பெட்டி வாய் திறந்து கிடந்தது. மாமனார் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னறையில் கணவன் மேஜை விசிறியைக் கழற்றிப் போட்டு, எதிலும் நிலைக்காத கையால் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில மாமா போறாரு," என்றாள். "என்ன சொல்லட்டும்?"

"என்னத்தச் சொல்ல? போறவரைக் கட்டியா வெக்க முடியும்? போகட்டும்." அவன் நிமிரவில்லை. "போயி, அங்கயும் லைட்டைப் போடாம பாத்ரூமுக்குத் தடவித் தடவி நடந்து விழுந்து வெக்கட்டும். கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு வீடு பூராத் தேடுவாரே, அங்க எவன் எடுத்துக் குடுப்பான்? இருமல் வந்தா வாயைத் தொறந்து சொல்ற மனுஷனா? மறைக்கறதுல அவரை அடிச்சுக்க ஆள் கெடையாது. அம்மாவையே மறைச்சவரு." திருப்புளி கை நழுவி விழுந்தது. "போய்க் கேளு அந்த ஆளை. இந்தத் தடவையும் நான் லேட்டா வந்து நிக்கணுமான்னு கேளு."

அவள் நடையில் இறங்கினாள். பழக்கதோஷம், மனசு பாட்டுக்குத் துடைக்க ஆரம்பித்துவிட்டது. 'போகாதீங்க மாமா, உங்க உடம்பை நெனச்சுக் கவலைப்படறாரு.' எவ்வளவு அழகாக, எவ்வளவு மரியாதையாக இருந்தது! அவள் அதைத் தள்ளினாள். விளிம்புவரை நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி, ஒரு சொல்லும் சிந்தாமல் மெல்ல மெல்ல நடந்தாள். ஜன்னல்கள் மங்கலாய் வெளிச்சம் காட்டின. நடை என்றைக்கும் இல்லாத நீளமாக இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

மாமனாரின் எதிரே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொன்னாள். கட்டியா வெக்க முடியும் என்பதிலிருந்து அந்த ஆளை என்பதுவரை. கடைசிக் கேள்வியில் அவளுக்கே குரல் உடைந்தது.

கண்ணைத் திறந்தபோது மாமனார் மடித்த சட்டையைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

"'விழுந்து வெக்கட்டும்'னா சொன்னான்?"

"ஆமா மாமா."

"'அந்த ஆளை'ன்னு?"

"ஆமா."

"கண்ணாடியைப் பத்தி..."

"அதுவும் அவர்தான் சொன்னாரு."

மாமனார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் கோணிக்கொண்டது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. "அவன்தான்," என்றார். "இது அவன்தான்மா. சின்னதுலயே இப்படித்தான் பேசும், கழுதை." பிறகு மெதுவாகக் கேட்டார்: "தெனமுமா இப்படிப் பேசறான்?"

"தெனமும் மாமா. நான்தான் உங்களுக்கு வலிக்கும்னு..." அவர் மகனோடு இருந்திருக்க வேண்டிய அத்தனை நாட்களையும் தான் துடைத்து எறிந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமனார் அவளைத் திட்டவில்லை. "அவன்கிட்ட போயிச் சொல்லும்மா..." என்று ஆரம்பித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடையில் இறங்கினாள். "வேணாம், நீ இரு," என்றார். எழுந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முதலில் சத்தம் எழவில்லை. இரண்டாம் முறை வீடே அதிர்ந்தது.

"டேய்! லேட்டா வரவேணாம்டா! இப்ப வாடா!"

பின்னறையில் திருப்புளியின் சத்தம் நின்றது. மழை நின்று நின்று பெய்வது கேட்டது. இந்த ஒரு பதிலை அவள் கொண்டுவர முடியாது, அது தானாகத்தான் வரவேண்டும்.

"கத்தாதீங்க, இருமல் வரும்," என்று முதலில் வந்தது. நாற்காலி நகர்ந்தது. அப்புறம், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் வாயிலிருந்து அவள் ஒரு தடவைகூடக் கேட்டிராத சொல் நடையில் வந்தது.

"என்னப்பா?"

நடு நடையில் நின்றிருந்தவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள்.