கோரைக்குள் ஒரு கூடு

திருவானைக்காவல் குளத்தில் மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையை அள்ள, எண்பத்து மூன்றாம் வருஷம் வீடு வீடாய்ப் போய் ஆள் சேர்த்தவள் ஸ்கூல் டீச்சர் பாக்கியமேரி. ஆனால் பின்னால் வந்து சேர்ந்த ஜவுளிக்கடை சுராயாவைச் சுற்றித்தான் இப்போது கூட்டம். அவள் சிரித்தால் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கை காட்டிய இடத்தில் இறங்கினார்கள். மேரிக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் கரையோரக் கோரைக்குள் நாமக்கோழி கூடு கட்டி முட்டையிட்டிருந்ததைப் பார்த்தும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது, ஆகாயத்தாமரையோடு கரையோரத்தையும் சுத்தம் செய்ய, ஆட்கள் அரிவாளோடு அந்தக் கோரையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டாதீங்க!" என்று கத்தினாள். பேச்சும் சிரிப்புமாய் இருந்தவர்கள் காதில் அது விழவில்லை.

வேறு வழியில்லாமல் சுராயாவிடம் ஓடினாள். "நிறுத்தச் சொல்லும்மா. உள்ள முட்டை இருக்கு."

சுராயா ஒரு குரல் கொடுத்தாள். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நல்லவேளை, பார்த்தீங்க டீச்சர்!" என்று மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள் சுராயா.

முட்டைகள் பிழைத்ததில் மேரிக்கு நிம்மதிதான். ஆனாலும், அந்தக் குரல் தன்னுடையதாய் இருந்திருக்கக் கூடாதா என்று மனசு பொருமியது.