சுவர் பார்த்து நின்ற ஓவியங்கள்

ஆறும் கடலும் கலக்கும் நியூயார்க் நகரின் தென்கோடியில், படகுகளின் ஊதொலி பனிமூட்டத்துள் கன்றைத் தேடும் பசுவின் குரல்போல் அலைந்து திரிய, பின்னல் துணியும் பட்டுநூலும் விற்கும், லெபனான் மலையிலிருந்து வந்து குடியேறிய எம் மக்களின் கடைக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறக்க, சுட்ட ரொட்டியின் மணம் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டிருந்த ஓர் இலையுதிர்காலக் காலையில், வாசிங்டன் தெருவின் மேல்மாடி ஒன்றில் வர்தா தன் தமையனுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கற்றறிந்தீர், அத்தமையனின் பெயர் மன்சூர் தூமா. லெபனான் மலையில் பிறந்து, அரபு மொழியில் பா இயற்றி, அமெரிக்கர் நாட்டில் தூரிகை பிடித்தவன். பகலில் துணிக்கடையில் முழம் போட்டு, மாலையில் வண்ணம் குழைத்து, பனிச்சரிவில் விறகு சுமக்கும் பெண்டிரின் முகங்களை அவர்களே வியக்குமாறு வரைந்தவன். பல்லாண்டு காத்திருந்தபின் நகரத்து ஓவியக்கூடம் ஒன்று அவனுக்கு இடம்தர இசைந்திருந்தது. இன்னும் சின்னாளில் கண்காட்சி. செய்தித்தாள்களும் அவனைத் தேடி வரத் தொடங்கியிருந்தன.

"கேளு வர்தா," என்று அவன் தாளை விரித்தான். "பாலைவனத்துப் பாவலராம் நான். ஒட்டகத்து முதுகுலயே வளர்ந்தேனாம்."

"நம்ம மலையில ஏதுண்ணா ஒட்டகம்?"

"நான் ஒட்டகத்த முதல்ல பார்த்ததே இந்த ஊர் விலங்குக் காட்சிசாலையிலதான். அதுவும் என்னைப் பார்த்துத் துப்பிச்சு."

"அப்போ தப்புன்னு எழுதிப் போடச் சொல்லுங்க."

"விடும்மா. கீழ என்ன போட்டிருக்கான் பாரு. நான் வரைஞ்ச முகங்களப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்களாம். அதுக்காக ஒட்டகத்தயும் சேர்த்து மன்னிச்சுட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே ரொட்டி வாங்கக் கீழிறங்கினாள். மீண்டு வந்தபோது, தாள் மடியில் கிடக்க, யாரோ அழைப்பதற்குச் செவி சாய்த்தவன்போல் தலை ஒருபுறம் சரிய, நாற்காலியிலேயே அவன் உயிர் அடங்கியிருந்தது.

எம் மலைநாட்டு வழக்கப்படி வர்தா தன் கையாலேயே கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடினாள். ஓவியங்கள் அனைத்தையும் சுவர்ப்புறம் திருப்பி வைத்தாள். நாற்பதாம் நாள் வழிபாடு முடியும்வரை இறப்பு நிகழ்ந்த வீட்டில் கண்ணாடியிலோ படத்திலோ எந்த முகமும் எவரையும் நோக்குதல் ஆகாது. தெருவார் யாவரும் அறிந்த இச்செயலை எவரும் எவர்க்கும் விளக்கவில்லை. ஆதலால் அடக்கம் முடிந்த மறுநாள் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் வந்து, தொப்பியை மார்போடு அணைத்து நெடுநேரம் நின்று, முதுகு காட்டி நின்ற சட்டங்களை ஒவ்வொன்றாய் நோக்கிக் கண் கலங்கிச் சென்றபோதும், அவர் மொழி அறியாத வர்தா காப்பி கொடுத்து வணங்கியதன்றி வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள், எம் தெருவின் அரபுத் தாளை நடத்துபவரும், எஃபெந்தி என எல்லோரும் மதித்தழைப்பவருமான இஸ்கந்தர், அச்செய்தியாளரின் ஆங்கிலத் தாளோடு படியேறி வந்தார்; மன்சூர் இறுதியாய்ப் படித்ததும் அதே தாள்தான். பக்கத்தின் பாதியை மன்சூர் நிறைத்திருந்தான். வாழ்ந்த நாளில் எம்மவர் எவர்க்கும் கிட்டாத புகழுரை அது. துயர் கேட்க வந்திருந்த பெண்டிர் நடுவே அதை மொழிபெயர்த்துப் படித்து வந்தவர், திடுமென நிறுத்தினார்.

"என்ன எஃபெந்தி, மேல படிங்க," என்றாள் வர்தா.

"வேணாம்மா."

"படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தன் படைப்பெல்லாம் வீண்னு நினைச்சு, கடைசி நேரத்துல மன்சூரே எல்லாத்தயும் சுவர்ப்பக்கம் திருப்பி வெச்சிட்டுச் செத்தார்னு எழுதியிருக்கான். அதப் பார்த்துட்டு ஓவியக்கூடத்துக்காரர் ஆள் அனுப்பியிருக்கார். செத்தவர் வெறுத்ததை நாங்க மாட்ட மாட்டோம், கண்காட்சி கிடையாதுங்கறார்."

வர்தா தன் கைகளைப் பார்த்தாள்.

"நம்ம தாள்ல மறுப்பு போடுங்களேன்," என்றாள் கீழ்வீட்டு உம்மு ஹபீப்.

"நம்ம தாள நம்ம தெருவைத் தவிர எவன் படிக்கிறான்? அந்த ஆளே திரும்ப வரணும், படங்களக் கண்ணால பார்க்கணும்."

"அப்போ வரச் சொல்லுங்க எஃபெந்தி. நான் திருப்பி வெக்கிறேன்," என்றாள் வர்தா.

"நாற்பது முடியலடி," என்றாள் உம்மு ஹபீப். "அவன் ஆவி இன்னும் இந்த வீட்டத்தான் சுத்திட்டிருக்கும். ஊர் என்ன சொல்லும்?"

"சுத்துதுன்னா பார்த்துட்டுப் போகட்டும், மாமி. எல்லாம் அவர் வரைஞ்சதுதானே."

அம்முதியவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "அந்தப் பெரிய படத்த ஒத்தையாத் தூக்காதே, இடுப்பு போயிடும். இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். ஆனா கண்ணாடில கை வெச்சே, உன்னோட பேச மாட்டேன்."

நண்பகல் ஒளியில் ஓவியத்து மலைப்பெண்டிர் ஒருவர்பின் ஒருவராய் அறையை நோக்கித் திரும்பினர். செய்தியாளர் வந்தார்; நுழைந்த இடத்திலேயே நின்றார்.

"அன்னைக்குச் சுவர்ப்பக்கம் யாரு திருப்பி வெச்சதுன்னு கேக்கறார்," என்றார் இஸ்கந்தர்.

"நான்தான். சாவு வீட்டுல அது எங்க வழக்கம்னு சொல்லுங்க. எங்க அண்ணன் வெறுக்கலன்னு சொல்லுங்க. சாகற அன்னைக்குக் காலையில சிரிச்சாருன்னு சொல்லுங்க. இவர் தாளப் படிச்சுத்தான் சிரிச்சாரு."

இஸ்கந்தர் சொன்னார். பிழை செய்தவரெனினும் பெருந்தகையாளர் அவர். செவி சிவக்கத் தலைகுனிந்து, மறுநாள் தம் தாளின் முதற்பக்கத்திலேயே தாம் எழுதியது பிழையென்று தம் பெயரிட்டு எழுதினார். தங்கையின் துயரைத் தமையனின் வெறுப்பென மயங்கினேன் என்று அவர் எழுதிய வரியை எம் தெருக் கடைகளில் பலர் கத்தரித்து ஒட்டி வைத்தனர்.

கண்காட்சி நடந்தது. கறுப்புடையில் ஓர் ஓரமாய் நின்ற வர்தாவைக் கடந்து, மலையைக் கண்டறியாத மாந்தர் மலைமகளிரின் கண்ணெதிரே நகராது நின்றனர். புகழ் உயிரை மீட்டுத் தருவதில்லை. போனவன் எத்தகையவன் என்பதையேனும் பிழையின்றிச் சொல்லுமாயின், எஞ்சியோர்க்கு அது சிறிது நிழலாகும். பின்னாளில் அவ்வோவியங்கள் பல இல்லங்களுக்கும் கூடங்களுக்கும் பிரிந்து சென்றன. அவற்றுள் அவன் முடிக்குமுன் இறந்துபோன ஓர் ஓவியத்தில், விறகு சுமக்கும் பெண் ஒருத்தியின் இடக்கை இன்றும் வண்ணம் ஏறாமல், வெறுங்கோடாகவே இருக்கிறது.