பூசி மறைத்த மூடிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை. லொரேன் வாசலில் குனிந்து, பூட்ஸின் மேல் நீலப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டாள். வாடகை வீடுகளின் எரிவாயுச் சாதனங்களை வருடத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் தருவது அவள் வேலை. நாட்டிங்ஹாமில் கால்வாயை ஒட்டி நிற்கும் அந்த அடுக்குமாடிக்கு அன்றுதான் முதன்முறையாக வந்திருந்தாள். அதுவரை வந்துகொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அங்கே குடியிருந்த ஷெல்லி, எட்டு மாதக் குழந்தை ஐவியை இடுப்பில் வைத்தபடியே தேநீர் போட்டாள்.

"சர்க்கரை எத்தனை?"

"ரெண்டு. எங்க டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

எரிவாயுவால் ஓடி, அறைகளின் ஹீட்டருக்குச் சூடு தரும் சமையலறை பாய்லரில் குறை எதுவும் இல்லை. அதன் புகைக்குழாய்தான் கண்ணில் படவில்லை. அது பாய்லரின் தலையிலிருந்து சீலிங்குக்குள் நுழைந்து, படுக்கையறைக்கு மேலே நாலு மீட்டர் ஓடி, வெளிச்சுவரில் போய்த் திறக்கிறது. இப்படி மறைந்து ஓடும் குழாயின் இணைப்புகளை எட்டிப் பார்க்க, சீலிங்கில் மூடி போட்ட திறப்புகள் இருக்க வேண்டும். மூன்று திறப்புகள் உண்டு, குழாய் நன்றாக இருக்கிறது என்று போன வருடச் சான்றிதழில் எழுதியிருந்தது. லொரேன் அண்ணாந்து பார்த்தாள். சீலிங் ஒரு கோடுகூட இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வீட்டின் சொந்தக்காரரான மார்ட்டினைத் தொலைபேசியில் அழைத்தாள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வுக்காலத்துக்கென்று அவர் வாங்கிப் போட்டது இந்த ஒரு வீட்டைத்தான். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் அன்றைக்கே வந்து நிற்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"எப்படி இருக்கு? எல்லாம் என் கையால பூசினது," என்று சீலிங்கைக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. மூணு மூடி இருந்துச்சே, எங்க?"

"அதுவா! வீடு பாக்க வர்றவன் எல்லாம் மொதல்ல மேலதான் பாக்குறான். 'அங்க எலி வளக்குறீங்களா'ன்னு ஒருத்தன் கேட்டான். செப்டம்பர்ல மூடியைக் கழட்டி, பலகை வச்சு அடைச்சு, பூசி விட்டுட்டேன்."

"அப்ப குழாயை எப்படிப் பாக்குறது?"

"போன வருஷம் பாத்து நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரே! குழாய் என்னம்மா, எந்திரிச்சு நடந்தா போயிடும்?"

"அம்மா கிம்மால்லாம் வேணாம். உங்க வயசுல எனக்கு மகன் இல்ல." லொரேன் காகிதத்தை மடித்தாள். "பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஆபத்துக்கு இடமிருக்குன்னு சீட்டு ஒட்டிட்டு, உங்க சம்மதத்தோட பாய்லரை நிறுத்தணும். சீலிங்கைத் திறந்து குழாயைப் பாத்தப்புறம் மத்ததைப் பேசலாம்."

"ஜனவரி மாசத்துலயா? கைக்குழந்தை இருக்குற வீடு! அது குளிர்ல வெறைச்சா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

ஷெல்லிக்கு வேறு பயம். பதினொரு வீடு ஏறி இறங்கி, அக்டோபரில் கிடைத்த வீடு இது. "கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடுங்களேன்," என்றாள். "குளிர் போனதும் அவரே திறந்து விட்டுடுவாரு. நாங்க யார்கிட்டயும் போய் புகார் சொல்ல மாட்டோம்."

லொரேன் இருவரையும் பார்த்தாள். எதிரே நின்ற இருவரும் கேட்பது ஒன்றையேதான். ஒருவருக்குத் தன் சீலிங் கெடக்கூடாது. இன்னொருத்திக்குத் தன் இருப்பிடம் போய்விடக்கூடாது. கையெழுத்துப் போட்டால் இருவருமே நன்றி சொல்லி அனுப்புவார்கள்.

"குழந்தை எங்க தூங்குது?" என்று கேட்டாள்.

ஷெல்லி படுக்கையறையைக் காட்டினாள். தொட்டில் கட்டில் நடுவிளக்குக்கு நேர் கீழே இருந்தது.

"நல்லா தூங்குறாளா?"

"முன்னாடி ரொம்ப மோசம். இப்பத்தான் பழகிட்டா. ஞாயித்துக்கிழமை பூரா ஹீட்டர் ஓடுச்சு. மத்தியானம் படுத்தவ சாயங்காலம் வரைக்கும் கண்ணே திறக்கல. உலுக்கி எழுப்ப வேண்டியதாப் போச்சு. எங்கம்மாவுக்கு போன் போட்டுப் பெருமையாச் சொன்னேன்."

லொரேன் தொட்டிலுக்கு நேர் மேலே சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள்.

"சமையலறையில விஷவாயு அலாரம் மாட்டியிருக்கேனே," என்றார் மார்ட்டின். குரல் இறங்கியிருந்தது.

"அது சமையலறைக் காத்தைத்தான் பாக்கும்."

லொரேன் ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, நாற்காலியில் ஏறி, நடுவிளக்கின் ஓரத்து இடைவெளியில், விஷவாயுவை அளக்கும் தன் கருவியைப் பிடித்தாள். சுழியம். சில நிமிடம் சுழியமே. பிறகு பதினொன்று. நாற்பது. எழுபதைத் தாண்டியதும் இறங்கி ஓடிப்போய் எரிவாயுவை மூடினாள்.

"ஜன்னலைத் திறங்க. ஷெல்லி, குழந்தையைத் தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு இருக்கான்னு பாக்கச் சொல்லு. குழாய்ப் புகையில வர்ற விஷவாயு அது, வாசனையே இல்லாம ஆளைத் தூங்க வச்சுடும். உனக்கும் சேத்து."

வீட்டுக் காற்று தெளியும்வரை லொரேனும் மார்ட்டினும் வெளியே படிக்கட்டில் நின்றார்கள். கருவி மறுபடி சுழியத்துக்கு வந்ததும் மார்ட்டின் காரிலிருந்து கைரம்பத்தை எடுத்துவந்தார். எங்கே அறுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலகை பெயர்ந்து விழுந்தது. குழாயின் இணைப்பு இரண்டு விரல் அளவுக்கு விலகி, ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்க வேண்டிய இரும்புப் பட்டை அருகே கழற்றிப் போட்டபடி கிடந்தது.

மார்ட்டின் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பலகை அடிக்க இடைஞ்சலா இருந்துச்சு," என்றார். "கழட்டினேன். திரும்ப மாட்டணும்னுதான் நினைச்சேன்."

லொரேன் பாய்லரில் ஆபத்துச் சீட்டை ஒட்டினாள்.

தாய், குழந்தை இருவர் ரத்தத்திலும் நஞ்சு ஏறியிருந்தது. ஒரு நாள் முழுக்க ஆக்சிஜன் கொடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடந்திருந்தால் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மார்ட்டின் ஆஸ்பத்திரி நடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஷெல்லி அவரோடு பேசவில்லை. அவரும் சமாதானம் எதுவும் சொல்லப் போகவில்லை. குழாயைச் சரிசெய்து மூன்று திறப்புகளையும் மறுபடி வைக்கும்வரை, ஒன்பது நாள், அவர்களைத் தன் செலவில் விடுதியில் தங்கவைத்தார்.

பத்தாம் நாள் படிக்கட்டில் பேரி எதிர்ப்பட்டார். மேல்மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்.

"குழந்தை விஷயம் கேள்விப்பட்டேன், பாவம். என் வீட்டுக்கும் அடுத்த வாரம் சோதனை வருது. அந்த லொரேன் ரொம்பக் கறாராமே? டீயைக் குடிச்சமா, கையெழுத்துப் போட்டமான்னு போற ஆள் யாராவது தெரியுமா, மார்ட்டின்?"

மார்ட்டின் தன் தொலைபேசியை எடுத்தார்.

"லொரேன் நம்பரைத்தான் தருவேன்," என்றார். "வாடகை வாங்குற வீட்டுல நாம தூங்குறதில்ல, பேரி. அங்க தூங்குறவங்களுக்குச் சீலிங்குக்கு மேல என்ன இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சாலும், வீட்டை விட்டு அனுப்பிடுவோமோன்னு வாயைத் திறக்க மாட்டாங்க. அவங்களுக்கும் சேத்து நாமதான் பயப்படணும். அந்தப் பயம் இல்லாதவன் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது."