யானையின் பின்கால்

துணி யானைக்குள் இரண்டு பேர். முன்காலில் மச்சான், பின்காலில் இவர். மச்சானுக்காவது யானையின் வாயில் வலைத்துணி வைத்த ஓட்டை உண்டு, மேடை தெரியும். இவருக்கு வாய்த்தது மச்சானின் வேர்த்த முதுகும், துணி விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தரையும்தான்.

அந்த ஒரு சாணில்தான் மகளைப் பார்த்துவந்தார். ஊரின் சின்ன பாலே நடனக் குழு போடும் சர்க்கஸ் கதையில் அவள் கயிற்றில் நடப்பவள். கயிறு என்றால் தரையில் ஒட்டிய வெள்ளை நாடா. பாதங்கள் நாடாவில் வரும், எழும்பும், காணாமல் போகும், திரும்ப வந்து இறங்கும். நடுவில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. இன்று கடைசி ஆட்டம். விடிந்தால் அவள் வேறு ஊரில் ஒரு பெரிய குழுவுக்குப் போய்விடுவாள்.

சாம்பல் துணி வழியே நீல வெளிச்சம் கசிந்தது. குளத்துக்கு அடியில் உட்கார்ந்து கேட்பதுபோல் இசை மங்கலாக வந்தது. யானை மூச்சு விட்டது, பாதி அவருடையது.

"எப்படி ஆடுறா மச்சான்?"

"கை ரெண்டும் காத்துல துணி காயிற மாதிரி இருக்கு மாமா."

"எம் பொண்ணு என்ன கொடியில கிடக்கிற சட்டையா? ஒழுங்கா சொல்லித் தொலையேன்."

மச்சான் வலை ஓட்டையிலிருந்து முகத்தைத் திருப்பினான். பிறகு, "வாலுக்குக் கீழ தையல் விட்டிருக்கு, தெரியுமில்ல?"

"காத்து வருதே, தெரியாம?"

"அப்ப யானையைத் திருப்புறேன். நீங்களும் உள்ள திரும்பிக்குங்க."

"யானை இப்ப மண்டியில்ல போடணும்! வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கடா."

"யானையைத் தூக்க எவனால முடியும்? திரும்புங்க மாமா."

யானை மெல்லச் சுழன்று கயிற்றுக்காரிக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் இருட்டில் தடவி, கிழிசலை விரலால் விரித்துக் கண்ணை வைத்தார்.

சிரிப்பு அடங்கியது. அவள் எழும்பினாள்.

மேலே, அந்த நீலத்தில், கீழே வரும் எண்ணமே இல்லாதவள்போல் இருந்தாள். வாயோரத்தில் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. சின்ன வயதில் செருப்பு வார் மாட்டும்போதும் இப்படித்தான் நீட்டுவாள்.

"நாக்கை நீட்டுறாடா!"

"தினமும்தான். போட்டுக் கொடுக்க வேணாம்னு இருந்தேன்."

பாதங்கள் எப்போது தரையில் இறங்கின என்று அவர் கவனிக்கவில்லை.