அப்பா ஆள் எடுக்கிறார்

வேலை கேட்டு நாலாவதாக வந்த பெண்மணி எதிரே உட்கார்ந்ததும் அப்பா பேனா மூடியைக் கழற்றினார். முன்னால் வெள்ளைத்தாள், கண்ணாடி மூக்கு நுனியில். பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலைக்கு ஆள் எடுத்த மனிதர். இப்போது அவருக்கு என் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிடுகிறது, இந்த உத்தியோகம் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களைத் தானே சாப்பாட்டு அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, தானே கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தவளிடம் முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்துவிட்டார் என்றாள். அதற்கு முன்னால்? அங்கேயும் அப்படித்தான். அவள் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இவ சேர்ற எடத்துலல்லாம் மொதலாளி செத்துப்போறான், நமக்கு வேண்டாம்" என்றார். இரண்டாமவள் பத்து நிமிடம் தாமதம், உள்ளேயே விடவில்லை. மூன்றாமவள் அவர் பேச்சில் அசந்துபோய், நோயாளி யார் என்று என்னிடம் கேட்டாள். தலை வாராமல், முந்தாநாள் நைட்டியோடு நின்ற என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

எனக்கு நாள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நான். விடுப்பெல்லாம் தீர்ந்து, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று கடைக்காரர் சொல்லியாயிற்று. இன்று சனி. அப்பாவை ஒரு மணி நேரம்கூடத் தனியாக விட முடியாது. போன மாதம் கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடி வீடெல்லாம் அலைந்திருக்கிறார். அன்றிலிருந்து வாசல் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன். பூட்டுக்குள் அவர் மட்டுமா இருக்கிறார்? அண்ணன் வாரம் தவறாமல் தொலைபேசியில் பாசத்தைக் கொட்டுவான். நல்ல ஆளாகப் பார்த்துப் போடு என்பான்.

நாலாவதாக வந்தவர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர், விவரமானவர். கேட்டதற்கெல்லாம் "சரிங்க சார்" என்று அடக்கமாகப் பதில் சொன்னார். அப்பா தாளில் எதையோ எழுதி அடிக்கோடிட்டு, திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. கடையில் என் ஸ்டூல், தேய்க்கிற இயந்திரத்தின் இரைச்சல், யாரும் நடுவில் கூப்பிடாமல் ஒரு டம்ளர் டீ, எல்லாம் கண்முன் வந்துபோயின.

அப்போதுதான் அப்பாவின் பேண்ட் நனைந்திருப்பதை அந்த அம்மா பார்த்தார். பதமாகத்தான் தோளைப் பிடித்து எழுப்பினார். இடுப்புப் பட்டனில் கை வைத்ததும் அப்பா ஓங்கி அறைந்துவிட்டார். ஆபீசுக்கு எடுத்த ஆள் ஆபீசர் இடுப்பில் கை வைத்தால் வேறென்ன செய்வார்?

அந்த அம்மா கோபப்படவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கும் வயசாகுது, அடி தாங்காது."

கதவைத் திறந்துவிட்டேன். மறுபடி பூட்டினேன்.

அப்பாவைக் கழுவி, உடை மாற்றி, நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்தேன். என்மேல் மட்டும் அவர் கை ஓங்குவதில்லை. என் தலையெழுத்து அது. எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். அவர் புதுத்தாள் ஒன்றை எடுத்தார்.

"சொல்லுங்க. இப்ப எங்க வேலை பாக்கறீங்க?"

கத்தியிருப்பேன், தெம்பில்லை. கண்ணாடிக் கடையில் என்றேன்.

"அத ஏன் விடறீங்க?"

"விடணும்னு இல்ல சார். அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு. பாத்துக்க ஆள் கிடைக்கல."

பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் கண்ணில் இரக்கத்தைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கஷ்டந்தாம்மா. ஆனா அந்த மாதிரி இருக்கறவங்கள நாங்க எடுக்கறதில்ல. அடிக்கடி லீவு போடுவீங்க. மொதல்ல அப்பாவுக்கு ஒரு ஆளப் பாருங்க, அப்புறம் வாங்க."

சரிங்க சார் என்று எழுந்தேன்.

"போகும்போது அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

வெளியே வந்து அறைக்கதவைச் சாத்தினேன். கூடத்தில் யாரும் இல்லை. உள்ளே அவர் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது, பிறகு நாற்காலி நகரும் சத்தம். யாரும் வராவிட்டால் எழுந்து தேடக் கிளம்பிவிடுவார். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, கதவைத் தட்டினேன்.