தண்ணீர் குடித்த சோபா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

நான் சோபா வாங்கப் போயிருந்தேன். லெதரா, துணியா என்று எங்கள் வீட்டில் மூன்று வாரம் நடந்த பேச்சுவார்த்தை முறிந்துபோய், "நீங்களே போய் எதையாவது வாங்கிட்டு வாங்க" என்று என்னைத் துரத்திவிட்டிருந்தார்கள். கடையின் முதல் மாடியில் ஒரு பெண் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு டம்ளர் அளவு தண்ணீரை லெதர் சோபாவின் மேல் ஊற்றினாள். உதடு அசைய எண்ணினாள். பிறகு பக்கத்தில் இருந்த துணி சோபாவிலும் அதே அளவு ஊற்றி எண்ணினாள். விற்பனையாளர் கழுத்து டை பறக்க ஓடிவந்தார்.

லெதரில் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. வழிந்து தரையில் சொட்டியது. துணி சோபா அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. அந்தப் பெண் துணி சோபாவைக் காட்டி, "இதுக்கு பில் போடுங்க" என்றாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவளோடு ஓர் ஆணும் ஒரு சிறுமியும் இருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் இவர்களோடு வந்தவரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் அளவுக்கு விவரமான ஒருத்தி, தோற்றுப்போன சோபாவை ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று நான் எதையும் வாங்காமல் திரும்பினேன். "ஒரு கதை கிடைச்சிருக்கு" என்றேன் வீட்டில். "அதுல யாரு உட்காருறது?" என்று கேட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: 'அவள் வசதியானவள் இல்லை. ஆனாலும் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை—'

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் யாராவது இருமத் தொடங்கிவிடுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'சோபா என்பது வெறும் மரமும் ஸ்பாஞ்சும் அல்ல, அது ஒரு குடும்பத்தின்—'

(இதுவும் வேண்டாம். சோபா மரமும் ஸ்பாஞ்சும்தான்.)

மூன்றாவது தடவை நான் அவளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தேன். அவள் பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைப்பவள். அங்கே புது ரெக்சின் வந்தால் ஒரு சோதனை உண்டு: ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, நூறு எண்ணி, அடியில் வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்ப்பது. துணி நனைந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை கிடைத்ததும் அவள் என்னை எதிர்பார்க்காமல் தானே நடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

அவள் வீட்டில் நான்கு பேர். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன். வாண்டு என்று எல்லோரும் கூப்பிடும் ஏழு வயது மகள். கணவனின் அப்பா, ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், அவளுக்கு மாமா. கடையில் தள்ளி நின்ற பெரியவரை இப்படி நான் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்.*

* கேட்காமலே கொண்டுவந்துவிட்டேன். இதற்காகக் கடைசியில் வருத்தப்படப் போகிறேன்.

3

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பழைய சோபாவைக் கடந்தவள் நின்றாள். குஷனின் ஜிப் முன்பக்கம் இருந்தது.

உறை தைக்கிறவர்கள் ஜிப்பைப் பின்பக்கம்தான் வைப்பார்கள். மற்றவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. யாரோ குஷனை எடுத்துப் புரட்டி, அவசரத்தில் முன்பின் மாற்றி வைத்திருக்கிறார்கள். அது மாமா எப்போதும் உட்காரும் ஓரத்து குஷன். அவள் தூக்கிப் பார்த்தாள். அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. ஒரு பழைய செய்தித்தாளும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. இரண்டு மாதம் முன்னால் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கொஞ்ச நாளைக்குச் சிறுநீரை அடக்குவது கஷ்டமாக இருக்கும், போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு வண்டி நிறைய ஆட்களை ஒரு பார்வையில் எழுந்து நிற்க வைத்த மனிதர், விடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் குஷனைப் புரட்டி வைத்திருக்கிறார். 

அவள் எதையும் கழுவவில்லை. எதையும் சொல்லவில்லை. குஷனை இருந்த மாதிரியே, ஜிப் முன்பக்கமாகவே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நேராக்கி வைத்தால் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே!

(இந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு இது தோன்றியிருக்காது. நான் நேராக்கித்தான் வைத்திருப்பேன்.)

மறுநாள் மாமா பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசல் கதவோரம் போட்டுக்கொண்டார்.

"ஏன் மாமா, அங்க போய் உட்கார்ந்திருக்கீங்க?"

"நாப்பது வருஷம் ஓடுற ரயில்ல நின்ன காலும்மா இது. மெத்தையில உட்கார்ந்தா மரத்துப் போகுது."

கேட்டவளைத் தவிர மற்றவர்கள் நம்பினார்கள். கதையின் முதல் வரைவில் நானும் நம்பினேன். வாண்டுவுக்கு மட்டும் சமாதானமாகவில்லை. தாத்தாவின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு கார்ட்டூன் பார்ப்பது அவளுடைய பரம்பரைச் சொத்து.

"தாத்தா ஏன் கதவுகிட்டயே இருக்காரு? டிக்கெட் இல்லாம யாராவது உள்ள வந்துடுவாங்களா?" என்று அவள் கேட்டாள். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நாற்காலி நகரவில்லை.

அன்று மாலை வாண்டுவின் அம்மா அறிவித்தாள்: "பழசு போதும். புது சோபா வாங்கணும். லெதர்தான்."

4

கணவனை முதலில் மண்டுவாகத்தான் எழுதியிருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் பெண்ணை உயர்த்த வேண்டுமென்றால் ஆணைக் கொஞ்சம் மட்டம் தட்டிவிடுவது எங்களுக்குக் கைவந்த கலை. படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவனைத் திரும்ப எழுதினேன்.

அவனுக்குத் துணி சோபாதான் வேண்டும். "லெதர் போட்டா வங்கி மேனேஜர் ரூம் மாதிரி இருக்கும். வெயில் காலத்துல ஒட்டிக்கும். எழுந்தா சர்ர்க்குன்னு சத்தம் வேற."

"வாண்டு ஜூஸைக் கொட்டுறா. துணின்னா கறை போகாது. லெதர்னா ஒரு துடை."

"அவ கொட்டி ஒரு வருஷம் ஆச்சு."

"இனிமே கொட்டுவா."

வாண்டு இதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். நாத்தனார் போனில், "லெதரா? பரவாயில்லையே, உங்க ரேஞ்சே மாறிப்போச்சு" என்று ஊசி குத்தினாள். அவள் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டாள். பகட்டுக்காரி என்று பெயர் வந்தாலும் வரட்டும். உண்மைக் காரணம் வெளியே வராமல் இருந்தால் போதும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கணவன் சண்டை போடவில்லை. செய்தித்தாள்களை ஒட்டி, புது சோபாவின் அளவுக்கு வெட்டி, கூடத்துத் தரையில் விரித்தான். லிஃப்ட் வேலைக்காரனுக்கு அளந்து பார்க்காமல் எதையும் உள்ளே விடப் பிடிக்காது. ஸ்கெட்ச் பேனாவால் யார் எங்கே என்று எழுதினான்: இந்தப் பக்கம் 'நான்', நடுவில் 'வாண்டு', அதற்கு அந்தப் பக்கம் மனைவிக்கு 'அம்மா', ஓரத்தில், ஜன்னல் பக்கம், தன் அப்பாவுக்கு 'அப்பா'. பத்து நாள் அந்தக் காகித சோபாவைச் சுற்றிக்கொண்டுதான் வீடு நடமாடியது.

மற்றவர்கள் மறந்துபோய் அதை மிதித்தார்கள். மாமா ஒருமுறைகூட 'அப்பா' என்ற இடத்தை மிதிக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் சாப்பிட வரும்போதும் அதைச் சுற்றிப் போனார். அவள் இதைத் தினமும் பார்த்தாள்.

கணவனுக்கு அப்பாவின் விஷயம் தெரியுமா? இதை நான் முடிவு செய்யவில்லை. ஸ்கெட்ச் பேனாவால் 'அப்பா' என்று மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருக்கிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

5

கடைக்கு மாமாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் எதிலும் உட்காரவில்லை. "நீங்க பாருங்க, நான் நின்னுக்கிட்டே பார்க்கிறேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

லெதரைத் தடவிப் பார்த்தாள். நல்ல சரக்கு. தையல் நெருக்கமாக, நேராக ஓடியிருந்தது. கணவனும், "சரி, உன் இஷ்டம்" என்று இறங்கி வந்துவிட்டான். காரியம் முடிந்தது. ஆனால் கைப்பழக்கம் விடுமா? பணிமனையில் செய்வது போலவே பாட்டிலை எடுத்து ஊற்றி எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

தண்ணீர் குழியில் தேங்கிப் பளபளத்தது. இருபது எண்ணுவதற்குள் முன்விளிம்புக்கு வழிந்தது. அப்புறம் தரையில் சொட்டியது. கடை அமைதியாக இருந்ததால் சொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஓடிவந்த விற்பனையாளர், ஊற்றியதைக் கண்டிப்பதா சரக்கை மெச்சுவதா என்று ஒரு நொடி திணறிவிட்டு மெச்சினார். "பாத்தீங்களா மேடம்! ஒரு சொட்டு உள்ள போகல. எல்லாம் வெளியவே வந்துடும். ஒரு துடை துடைச்சா போச்சு!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கணவன் பார்த்தான். "ஐயே, ஓடுது!" என்று வாண்டு காலைத் தூக்கிக்கொண்டாள். மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கே இருந்த ஏதோ ஒரு விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள் எண்ணுவதை நிறுத்தினாள். இத்தனை நாளும் தான் துடைக்கிறவளுடைய சோபாவைத் தேடியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. துடைக்கச் சுலபம், சரிதான். ஆனால் துடைப்பதற்கு முன்னால் அது தேங்கி நிற்கும், வழியும், சொட்டும். வாண்டு காலைத் தூக்குவாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் உட்காருகிறவருடைய நிலையை அவள் யோசிக்கவே இல்லை. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

பக்கத்தில் அடர்ந்த சாம்பல் நிறத் துணி சோபா இருந்தது. ஊற்றினாள். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போனது. ஐந்து எண்ணுவதற்குள் நனைந்த இடம் எது, நனையாத இடம் எது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேடம், மேடம், அது டிஸ்ப்ளே பீஸ்!"

"தண்ணிதாங்க. காஞ்சிடும். இதுக்கு பில் போடுங்க."

கணவன் வாயைப் பிளந்தான். "லெதர் லெதர்னு பத்து நாளா தலைகீழா நின்னது யாரு?"

"மனசு மாறிடுச்சு."

"ஏன்னு கேட்கலாமா?"

"எழுந்தா சர்ர்க்குன்னு சத்தம் வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஒரு மாதமாகத் தன் பிடிவாதத்துக்கு வாங்கிய பேர் போதாதென்று, புத்தி ஒரு நிலையில் இல்லாதவள் என்ற பேரும் சேர்ந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள். (நான் படைத்த பாத்திரத்தை நானே மெச்சுவது நாகரிகமில்லை என்பார்கள். இருக்கட்டும். எனக்கு இவளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.)*

* கணக்குப் பார்க்கிற வாசகருக்கு: நான்காம் பகுதியில் பத்து நாள், இங்கே ஒரு மாதம். திருத்தவில்லை. பேச்சு வாங்குகிறவருக்கு நாள் நீளம்.

6

சோபா வருவதற்குள் அவள் மூன்று செட் உறை தைத்தாள். ஒவ்வொரு குஷனுக்கும் உள்ளே, ஸ்பாஞ்சைச் சுற்றி மெல்லிய ரெக்சினில் ஒரு சட்டை. ஈரம் உறையோடு நின்றுவிடும். ஜிப்பை மட்டும் பணிமனை வழக்கப்படி வைக்கவில்லை. தையல் மடிப்புக்குள் புதைத்துவிட்டாள். எப்படிப் புரட்டி வைத்தாலும் முன் எது, பின் எது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

இதை எழுதிவிட்டு நிறுத்திப் படித்தேன். அவருடைய ரகசியத்தைத் தன்னிடமிருந்தும் சேர்த்து மறைத்துவிட்டாள். தொழில் தெரிந்த கைக்கும் நல்ல மனசுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் போகிற இடம் இது. இப்படி ஒரு வாக்கியத்தை என்னால் தைக்க முடியுமா என்று—

(விடுங்கள்.)

சோபா வந்த அன்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு சட்டம் போட்டாள். "மாத்து உறை கீழ் அலமாரியில இருக்கு. யாரு வேணும்னாலும் மாத்தலாம், எப்ப வேணும்னாலும் மாத்தலாம். தூசின்னு தோணுச்சா, மாத்து. போரடிக்குதா, மாத்து. கழட்டினதை மெஷின்ல போட்டுடுங்க. ஏன் எதுக்குன்னு யாரும் யாரையும் கேட்கக் கூடாது."

வாண்டு அன்றைக்கே இரண்டு தடவை மாற்றினாள். ஒருநாள் கணவனும் வேலை முடிந்து வந்து, ஒரு காரணமும் இல்லாமல் ஓர் உறையைக் கழற்றி மெஷினில் போட்டான்.

"அந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் பால்கனியில போட்டுடவா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும். அது மாமாவோடது. அவர் இஷ்டம்."

7

இனி முடிவு.

முதல் முடிவு: மாமா வந்து ஜன்னலோரம் உட்காருகிறார். வாண்டு அம்மாவைத் தாண்டி அவர் மடியில் காலை நீட்டுகிறாள். அவர் கண்கள் கலங்க—

(கலங்க வேண்டாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

இரண்டாம் முடிவு: அவர் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் எனக்குத் தெரியும்மா, உனக்கு எப்படி நன்றி—"

(ஐயோ, இது வேண்டவே வேண்டாம். அவர் நன்றி சொன்னால் அவள் தைத்த மூன்று செட்டும் வீண். நன்றி சொல்ல எதுவுமே நடக்கவில்லை என்று ஆக்குவதற்குத்தான் அவள் அத்தனையும் செய்தாள்.)

மூன்றாவதாக எழுதியது இது: மாலை. டிவியில் கார்ட்டூன். கணவன் அவன் இடத்தில். வாண்டு நடுவில். அவள் 'அம்மா' என்று எழுதியிருந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு பட்டன் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் ஓரம் காலியாக இருக்கிறது. அதை யாரும் காட்டவில்லை, தட்டிக் கூப்பிடவில்லை. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா எழுந்துவிட்டார். ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார். சோபாவின் பின்னால் வந்து, முதுகு சாய்கிற விளிம்பில் கையை வைத்து நிற்கிறார்.

நின்றுகொண்டே இருக்கிறார். நான்கு நாளாக அவரை என்னால் அதற்கு மேல் நகர்த்த முடியவில்லை.

ஏனென்று இன்று காலைதான் புரிந்தது. அந்த மூன்று பேரும் டிவியையும் ஊசியையும்தான் பார்க்கிறார்கள். அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது நாம்தான். அவள் கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாததை நான் முன்பின் தெரியாத உங்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். இத்தனை பேர் கண்கொட்டாமல் பார்க்கும்போது அவர் எப்படி உட்காருவார்?

முடிவு உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் வேறு எங்காவது பாருங்கள். நானும் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன். பாவம், ரொம்ப நேரமாக நிற்கிறார்.